ரப்பர் அப்போது கருவேலங்காட்டில் இருந்தது

விஸ்வநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பும் படிப்பும் நிறைந்த மருமகன் அன்பரசனுக்கு உன் தாய்மாமன் சங்கிலிமுத்து, பட்டாசுக் கம்பெனி போர்மேன், எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை அய்யம்மாளும் இரண்டு ஆடுகளும் கை கால் முழுசாக இருக்கிறோம். இதை மரியாதைக்காக எழுதவில்லை, தகவலாகவே எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போக உனக்கே தெரியும். கோயம்புத்தூரில் நீயும் உன் காலேஜும் உன் ஆராய்ச்சியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் புரொபசருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் பெயர் எனக்குத் தெரியாததால் பொதுவாகச் சொன்னால் போதும்.

இது புகார்க் கடிதம். போன் போட்டுச் சொல்லலாமே என்று கேட்பாய். எங்கள் மானேஜர் நவநீதகிருஷ்ணன் பேச்சை நம்புகிறவர் இல்லை, காகிதத்தைத்தான் நம்புவார். நீ கொடுத்த ரப்பர் வளையத்தால்தான் போன திங்கட்கிழமை எங்கள் மருந்து ரூம் தீப்பிடித்தது என்று நான் உனக்கு எழுத வேண்டும், ரப்பரையும் திருப்பி அனுப்ப வேண்டும், கடிதத்தின் நகல் ஒன்றை அவரிடம் கொடுக்க வேண்டும், அதை அவர் நாளைக்கு விசாரணைக்கு வருகிற ஆபீசரிடம் நீட்டுவார். கொடுத்தால் நான் போர்மேன். கொடுக்காவிட்டால் நான் வீட்டுக்குப் போகலாம், அதே கம்பெனியில் மருந்து அடைக்கிற உன் அத்தையும் கூடவே வரலாம். ஆகவே, உன் ரப்பர்தான் தீக்குக் காரணம் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். வேலை முடிந்தது. ஆனால் ஒரே வரியில் கடிதம் எழுதினால் உன் அம்மா, அதாவது என் அக்கா, ‘என் தம்பிக்கு என்னமோ ஆயிருச்சு’ என்று அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள். அதனால் நடந்ததை முதலில் இருந்து எழுதிவிடுகிறேன்.

ஆலங்குளத்தில் உன் தங்கச்சி மகளுக்குக் காது குத்தினோமே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிள்ளை உன் மடியில் கிடந்து சிமெண்டு ஆலைச் சங்கைவிடப் பெரிதாக அலறிக்கொண்டிருந்தது. அந்த அலறலுக்கு நடுவில் நீ பையிலிருந்து அதை எடுத்து என் மணிக்கட்டில் மாட்டினாய். பார்க்க ஒரு ரப்பர் வளையம், மேலே தோல் மாதிரி மெல்லிசு, நடுவில் குன்றிமணி அளவுக்கு ஒரு வெளிச்சம்.

“மாமா, இது மோந்து பார்க்கும்,” என்றாய்.

“எதுக்குப்பா? அதுக்குத்தான் நாய் இருக்கே,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நீ எப்போது சிரித்திருக்கிறாய்?

“அம்மோனியா, நைட்ரஜன் புகை, அடுப்பு கேஸ், இம்புட்டும் இதுக்குத் தெரியும் மாமா. நல்ல காத்துன்னா பச்சை. சந்தேகம்னா மஞ்சள். ஆபத்துன்னா சிவப்பு.”

“பேட்டரி எங்கன இருக்கு?”

“தனியா கிடையாது. ரப்பருக்குள்ளயே கரண்டைச் சேத்து வைக்கிற மாதிரி பண்ணியிருக்கோம். ரப்பரை இழுத்தா அதுவும் சேர்ந்து இழுபடும். வெயில் பட்டா தானே நிரப்பிக்கிடும். உங்க ஊர் வெயிலுக்கு இது ராசா மாதிரி இருக்கும்.”

அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வேனில் ஊருக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. விடியும் முன்பே தூக்குச்சட்டியில் தன் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு கம்பெனி வேன் ஏறுகிற எங்கள் ஊர்ப் பொம்பளைகள் மாதிரி, இதுவும் தன் சோற்றை மடியிலேயே கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறது. யாரிடமும் கை நீட்டுவதில்லை. வளைத்தால் வளைகிறது, இழுத்தால் இழுபடுகிறது, வேலையை மட்டும் விடுவதில்லை. இப்படி ஒரு கூலியாள் கிடைத்தால் முதலாளிமார் கோயில் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தக் கணிப்பு தப்பாகப் போனதை மேலே படித்தால் காண்பாய்.

நீ ஒரு எச்சரிக்கையும் சொன்னாய், மறைக்கவில்லை. “மருந்து ரூமுக்குள்ள மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க மாமா. இது இன்னும் சோதனைல இருக்கு, அதுக்கு சர்ட்டிபிகேட் வரல. கேட்லயே கழட்டி வச்சிருங்க.” நானும் அப்படியே செய்தேன். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் ஒச்சப்பனிடம் தினமும் கழற்றிக் கொடுப்பேன், அவன் அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க டாக்டர் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

இப்போது என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தற்பெருமை என்று நினைக்காதே. இந்தப் பக்கம் ‘மூக்குப் போர்மேன்’ என்றால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். எங்கள் கம்பெனியில் காலையில் மருந்து ரூம் வாசலில் நின்று நான் ஒரு மூச்சு இழுத்து “சரி” என்று சொன்னால்தான் வேலை ஆரம்பிக்கும். சட்டத்தில் இல்லாத வழக்கம்தான். ஆனால் சட்டத்தில் இருக்கிற எதுவும் அங்கே நடக்காததால் இதையாவது ஒழுங்காக நடத்திவந்தோம். இத்தனை வருசத்தில் என் மூக்கு ஒரு நாளும் “சரியில்லை” என்று சொன்னதில்லை. அவ்வளவு ராசியான மூக்கு.

அந்த மூக்குக்குப் போட்டியாக நீ ஒரு ரப்பரை அனுப்பினாய். சும்மா விடுவேனா? முதலில் அதன் சக்தியைச் சோதித்தேன். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒரு சார்ஜர் வாங்கி, குத்துகிற ஓட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைக்காரன் கண்ணாடி போட்டுத் தேடினான், அவனுக்கும் கிடைக்கவில்லை, கடைசியில் “அண்ணே, இது மூடின கேஸு” என்று கையை விரித்துவிட்டான். பிறகு ரப்பரைத் தேங்காயில் மாட்டினேன், எரிந்தது. ஆட்டுக் கொம்பில் மாட்டினேன், ஆடு ஓடியது, வேலியில் சிக்கி இழுபட்டு முழ நீளம் ஆனது, அப்போதும் பச்சையாக எரிந்தது. உன் அத்தை அதைத் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் மாட்டிவிட்டுத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டு முகம்மது நூகு, காலண்டர் காகித வியாபாரம் செய்கிறாரே, அவர் வந்து தொட்டுப் பார்த்தார். “சங்கிலி, கரண்டுன்னா விறைப்பா இருக்கும்னு நெனச்சேன்யா. இது கொழந்தைக் கன்னம் மாதிரில்ல இருக்கு,” என்றார். எனக்கும் சொல்லத் தெரியாமல் இருந்தது அதுதான்.

ஆனால் குணம் சரியில்லை மருமகனே. பொய் சொல்லியது. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தைக் கடக்கும்போது சிவந்தது. எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை, மற்றவர்கள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். இன்னொரு நாள் வீட்டில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் மஞ்சளாக மினுக்கியது. கெட்டுப்போய்விட்டது போல என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நூகு வீட்டுக்காரி சபுரா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அண்ணே! கருவாடு தீயுது, தெருவே நாறுது! உள்ள இருந்துக்கிட்டு என்ன பண்றீக?”

சட்டியில் கொஞ்சம் கரிதான் இருந்தது. பொம்பளைகள் எதையும் பெரிதாக்கிச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். உன் அத்தை என்னைப் பார்த்தாள், ரப்பரைப் பார்த்தாள், சட்டியைத் தேய்க்கப் போய்விட்டாள்.

அடுத்தது என் சகலை தனுஷ்கோடி விவகாரம். போன ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். “எங்க வம்சத்துக்கே நரை கிடையாது” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சந்தனக் கிண்ணத்தை நீட்ட என் பக்கம் குனிந்தான், ரப்பர் சிவந்தது. நிமிர்ந்தான், பச்சை. மறுபடி குனிந்தான், சிவப்பு. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டு, “ஏன் அண்ணே, இவுக தலை பக்கத்துல வந்தா மட்டும் அது எதுக்கு எரியுது?” என்று கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன்: அம்மோனியா. “தலைச் சாயத்துல போடுவாகளே, அதுவா?” என்று யாரோ ஒரு பொம்பளை கேட்டாள். மண்டபமே சகலையின் தலையைப் பார்த்தது. அன்றைக்குக் காலையில்தான் அடித்திருக்கிறான். நிச்சயம் நின்றுவிடவில்லை, ஆனால் சகலை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாமல் ரப்பரை மணிக்கட்டிலிருந்து மேலே இழுத்து, முழங்கைக்கு மேல் ஏற்றி, சட்டைக் கைக்குள் ஒளித்தேன். தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. கனமே கிடையாது. அதனால்தான் மறந்துபோனேன். மறந்ததுதான் தப்பு. இதையே நான் எழுத வேண்டும் என்று மானேஜர் சொல்கிறார், எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. கேட்டில் ஒச்சப்பன் சோதனை போடுகிறான். போன், தீப்பெட்டி, பீடி, கொண்டை ஊசி, சேப்டிபின், வெள்ளிக் கொலுசு எல்லாவற்றையும் வாங்கி வைப்பான். செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டில் கால் வைத்து உடம்பில் உள்ள கரண்டை மண்ணுக்கு விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் மணிக்கட்டைப் பார்த்து ரப்பரை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தவன், என் கையைத் தடவும்போது முழங்கைக்கு மேலே நிறுத்தினான்.

“என்னண்ணே, புதுசா?”

நான் வேறு நினைப்பில் இருந்தேன். “ஆமாலே,” என்று சொல்லிவைத்தேன்.

“எந்தத் தர்காவுல மந்திரிச்சீக?” என்று கேட்டு, சட்டைக்கு மேலாகவே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னை உள்ளே விட்டான். உனக்கு இது புரியாது. கூந்தலிலிருந்து ஊசியைப் பிடுங்குகிற கேட்டில் தாயத்தை மட்டும் யாரும் கழற்றச் சொல்வதில்லை. கழற்றச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் பாவம் யாருக்கு? எங்கள் பாதுகாப்பு விதிகளில் உண்மையாகப் பயந்து கடைப்பிடிக்கிற விதி அது ஒன்றுதான்.

மருந்து ரூம் சுவரில் பெயிண்டில் ‘4’ என்று எழுதியிருக்கும். நாலு பேருக்குத்தான் லைசென்ஸ். அன்றைக்கு என்னோடு சேர்த்து உள்ளே ஒன்பது பேர். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. சீசன் ஆர்டர். சனிக்கிழமை சாயங்காலம் கலந்த மருந்தில் ஒரு பேசின் மிச்சமானது. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் சேர்ந்தது. மிச்சத்தை வைக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். “அம்புட்டும் காசுய்யா, சாக்கைப் போட்டு மூடு,” என்பது மானேஜர். மூடினோம். ஞாயிற்றுக்கிழமை தூறல் போட்டது. கூரை ஒழுகும் என்பது கூரைக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும்.

நான் வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். “சரி,” என்றேன். பொம்பளைகள் உட்கார்ந்தார்கள். உன் அத்தை பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அது அவள் இடம். ரூமுக்குள் வெளிச்சம் கம்மி. என் சட்டைக் கைக்குள்ளிருந்து சிவப்பாக ஒன்று எரிந்தது.

எரிந்தது என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நாலு சுவர், ஒன்பது உசிரு, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தோலுக்கு மேலே ஒட்டிக்கிடந்த ஒரு ரப்பர் மட்டும் தன் மடியில் சேர்த்து வைத்த வெயிலை எடுத்துச் செலவழித்து எங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

நான் அதைக் கையால் பொத்தினேன்.

“ஏங்க, அது என்ன?” என்றாள் உன் அத்தை.

“ஒண்ணுமில்ல புள்ள. ரப்பர். கழட்ட மறந்துட்டேன். பொய் சொல்லுது.”

“இங்கன கொண்டாங்க கையை.”

பேசின் பக்கம் என் கையை இழுத்துப் பிடித்தாள். சிவப்பு பதறிப் பதறி மினுங்கியது. வாசல் பக்கம் நீட்டினாள், மஞ்சளானது. மறுபடி பேசின், சிவப்பு. சகலையின் தலை மாதிரியே.

“நான் மோந்து பாத்துட்டேன். ஒரு வாடையும் இல்ல,” என்றேன்.

“கருவாடு தீஞ்சப்பவும் ஒரு வாடையும் இல்லன்னுதான் உக்காந்திருந்தீக.”

சுப்புலட்சுமி சிரித்துவிட்டாள். ரோஜா, புதிதாக வந்த பிள்ளை, அவளும் சிரித்தாள். உன் அத்தை சிரிக்கவில்லை. சாக்குக்கு வெளியே பேசினின் அடியில் புறங்கையை வைத்தாள். வைத்தவள் எடுக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“சட்டி சுடுது.”

அடுப்பு இல்லை, வெயில் இன்னும் ஏறவில்லை. இரண்டு ராத்திரி மூடிக்கிடந்த பேசின் கஞ்சிப் பானை மாதிரிச் சுடுகிறது. ஒழுகின தண்ணீரில் நனைந்த மருந்து உள்ளுக்குள் வெந்து அம்மோனியா விட்டுக்கொண்டிருந்தது, ரப்பர் மோந்தது அதைத்தான். யாரும் கத்தவில்லை. கத்தினால் ஓடத் தோன்றும், ஓடினால் கால் உரசும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். உன் அத்தை முதலில் எழுந்தாள். “எந்திரிங்கடி. சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கங்க. எதையும் எடுக்க வேண்டாம்.” என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அங்கே போர்மேன். ஏழு பேர் அவள் பின்னாலும், நான் அந்த ஏழு பேர் பின்னாலும் போனோம். போகிற வழியில் பக்கத்து ரூம் வாசல்களிலும் “வெளிய வாங்க” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை. கால் தானாகப் போனது. ஆபீசர் சோதனைக்கு வருகிற நாளில் நாலு பேர் போக மிச்ச ஆட்களைப் பின்பக்க வேலி வழியாகக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். கர்ப்பிணியாக இருந்தாலும் முள்ளுக்குள்தான் உட்கார வேண்டும். வருசக்கணக்காக ஒளிந்து ஒளிந்து தேய்ந்த அந்தப் பாதையில்தான் அன்றைக்கு எங்கள் உசிரு நடந்தது. கம்பெனி எங்களுக்குக் கொடுத்த ஒரே பாதுகாப்புப் பயிற்சி அது. நன்றியோடு எழுதிக்கொள்கிறேன்.

காட்டுக்குள் உட்கார்ந்தோம். சுப்புலட்சுமி மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். ஆபீஸ் பக்கமிருந்து மானேஜர் ஓடி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்.

“யோவ் சங்கிலி! எந்த ஆபீசரும் வரலைய்யா! எதுக்கு ஒளியிறீக? வெளிய வாங்க, லோடு நிக்குது!”

“சட்டி சுடுதுங்க,” என்றேன்.

“சட்டி சுட்டா எறக்கி வைய்யா!”

அப்போதுதான் பிடித்தது. முதலில் சத்தமே இல்லை. ரூம் வாசலில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது, பூச்சட்டி பூக்குமே, அந்த வெள்ளை. பிறகு கூரை தூக்கிக்கொண்டு போனது. காட்டுக்குள் உட்கார்ந்திருந்த எங்கள் மேல் கருவேல முள்ளும் காயும் மழையாகக் கொட்டின. மானேஜர் வேலிக்கு இந்தப் பக்கம் எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வேட்டி மட்டும் வேலியில் இருந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மருமகனே, இந்த ஊரில் ரூம் போனபிறகு ஆட்களை எண்ணினால் கணக்கு எப்போதும் குறையும். அன்றைக்கு ரோஜா எண்ணினாள். சரியாக வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினாள். மறுபடியும் சரியாக வந்தது. அப்புறம்தான் அழுதாள். நான் கையைப் பார்த்தேன். சட்டையை மேலே தள்ளினேன். புகை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரப்பர் பச்சையாக எரிந்தது, ஒன்றுமே செய்யாதது மாதிரி. ஒவ்வொருத்தியாக வந்து ஒரு விரலால் அதைத் தொட்டார்கள். தொட்டுவிட்டுத் தங்கள் கையையே பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் தெருப் பொம்பளைகள் வந்து அதற்குக் குங்குமம் வைத்ததில் கண் அடைத்து, ஒரு நாள் முழுக்க அது எதையும் மோந்து பார்க்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், தப்பென்றால் சொல்லவும்.

இனிமேல்தான் விசாரணை. மானேஜர் என்னை ஆபீசில் உட்காரவைத்தார். இங்கே ஒரு ரூம் போனால் மறுநாள் பேப்பரில் ‘உராய்வு காரணமாக’ என்று வரும். யார் உரசியது? செத்தவர்தான். எப்போதும் செத்தவர் கைதான் உரசியிருக்கும், ஏனென்றால் அவர் வந்து மறுக்கமாட்டார். இந்தத் தடவை செத்தவர் ஒருவரும் கிடைக்காததால் கம்பெனி திண்டாடிப்போனது. பழியைப் போட ஒரு ஆள் வேண்டும். மானேஜர் கண் என் கைக்கு வந்தது.

“அதுல கரண்டு இருக்குல்ல?”

“இருக்குங்க. ஆனா ரூம்ல தீப்பிடிக்கும்போது ரப்பர் எங்கூடக் கருவேலங்காட்டுல இருந்துச்சு. நீங்களும் அங்கனதானே இருந்தீக.”

“வயர்லெஸ்ஸுய்யா. காத்துலயே போகும்.”

“அதுக்கு முன்னாலயே சட்டி சுட்டுச்சுங்க. சனிக்கிழமை மருந்து நனைஞ்சு...”

“சனிக்கிழமைன்னு ஒரு கிழமையே வரக் கூடாது. உள்ள இருந்தது நாலு பேர். நீ விதியை மீறிக் கரண்டுச் சாமானைப் போட்டுட்டுப் போனியா இல்லையா?”

போனேன். அதில் மறுக்க ஒன்றுமில்லை. அந்த ஒரு முடிச்சில் என்னைக் கட்டிவிட்டார். “உம் மருமகனுக்கு எழுது, ரப்பரால வந்ததுன்னு. படிச்ச பய, அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நீ போர்மேனா இருக்கலாம். ரூமை மறுபடி கட்டுவோம், நீ வாசல்ல நின்னு மோந்து பாரு. ஒம்மூக்கு இருக்கும்போது ரப்பர் எதுக்கு?”

நியாயமான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. அதனால், உன் ரப்பரை இந்தக் கவரில் வைத்துவிட்டேன். அது நல்ல சாமான். ஆனால் இந்த ஊருக்கு ஆகாது. இங்கே உண்மை தெரிந்த ஆள் நிறையப் பேர் இருக்கிறோம், எல்லோருக்கும் வேலை வேண்டும். அதற்கு அந்தக் கவலை இல்லை, தன் சோற்றைத் தானே வைத்திருக்கிறது. அதனால் பேசிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் குற்றம். என் மூக்கு முழு நலத்தோடு இருக்கிறது என்பதையும், உன் ரப்பரால்தான் தீ வந்தது என்பதையும் மறுபடி ஒருமுறை உறுதிப்படுத்துகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கமும், காது குத்திய குட்டிக்கு என் முத்தமும். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, சீக்கிரம் ஒரு கல்யாணத்தையும் பண்ணி, அந்தக் கல்யாணத்துக்குச் சகலை தனுஷ்கோடி என் பக்கத்தில் உட்காரும்படி ஆண்டவன் அருள வேண்டும். வீட்டு வாசலில் நின்று இரண்டு கையாலும் உன்னை ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
சங்கிலிமுத்து.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, ரப்பரை உள்ளே போட்டு, கவரை ஒட்டி, தரையில் என் பக்கத்தில் வைத்துவிட்டு மானேஜருக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்படியும் எழுதுகிற இடமும் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். உன் அத்தை பாலை அடுப்பில் வைத்து, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ‘என் மூக்கு முழு நலத்தோடு’ என்ற இடத்துக்கு வந்தபோது கவர் சிவந்தது. காகிதத்துக்குள்ளிருந்து சிவப்பாக எரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடக்கிறது. தீ இல்லை, கேஸ் மட்டும் சீறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாகவோ. மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது காற்று. இந்த முறை ரப்பரோடு சண்டை போடவில்லை. சிலிண்டரை மூடினேன், கதவையும் ஜன்னலையும் திறந்தேன், வாசலில் போய் உட்கார்ந்தேன். உன் அத்தை குடத்தோடு வந்தவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்தே அவளுக்கு நாற்றம் தெரிந்திருக்கிறது. குடத்தை இறக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்பவாச்சும் தெரியுதா?” என்று மட்டும் கேட்டாள்.

தினமும் அந்த வாசலில் நின்று நான் “சரி” என்று சொன்னேன். அதை நம்பி அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

கவரைக் கிழித்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தோடு ரப்பர் வரவில்லையே என்று தேடாதே, கையில் மாட்டியிருக்கிறேன். மானேஜருக்கு எழுதிய நகலையும் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஆபீசருக்கே நேராகக் கொடுக்க இதை எழுதியிருக்கிறேன்: ‘சனிக்கிழமை மிச்சம் வைத்த மருந்து நனைந்து சூடேறித் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஒன்பது பேர். நான் விதியை மீறி ரப்பரைப் போட்டுக்கொண்டு போனது உண்மை. அது காட்டியதால்தான் ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறோம். என் மூக்குக்கு எந்த வாடையும் தெரியாது.’ உன் அத்தை, சுப்புலட்சுமி, ரோஜா எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஆபீசர் வரும்போது நாங்கள் கருவேலங்காட்டுக்குப் போகப்போவதில்லை. ஒன்பது பேரும் கேட்டில் நிற்போம். அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்று தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் புரொபசரிடம் சொல்லி அந்த சர்ட்டிபிகேட்டைச் சீக்கிரம் வாங்கு. வாங்கியதும் இன்னும் எட்டு ரப்பர் அனுப்பு. ஒச்சப்பனுக்கும் ஒன்று வேண்டுமாம், ஒன்பதாக அனுப்பு.

பால் எல்லாம் போய்விட்டது, இன்றைக்குக் கடுங்காப்பிதான். உன் அத்தை கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வாசனை எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். நன்றாக இருக்கிறதாம்.